டிஸ்க் போடும் பிஎஸ்5 வாங்கலாமா, டிஜிட்டலே போதுமா?

கேள்வி:

வணக்கம் சார். நானும் என் தம்பியும் சேர்ந்து சேமித்த பணத்தில் பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் மெஷின்) வாங்கப் போகிறோம். டிஸ்க் போடும் மாடலுக்கும், கேமை இணையத்திலிருந்து இறக்கி மட்டுமே ஆடும் டிஜிட்டல் மாடலுக்கும் பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம் சொல்கிறார்கள். தம்பி கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். "இப்போ யாரு டிஸ்க் வாங்குறா அக்கா, டிஜிட்டலே போதும்" என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டில் பழைய பிஎஸ்4 ஒன்றும் அதற்கான டிஸ்க்குகள் ஏழெட்டும் இருக்கின்றன. எனக்குக் கதையோடு போகிற கேம்கள் பிடிக்கும், அவனுக்கு ஃபுட்பால். டிஜிட்டலில் காசு கொடுத்து வாங்கினால் அது எப்போதும் நம்முடையதுதானே? எது வாங்கினால் நஷ்டப்படாமல் இருப்போம்?

— வாசகி, விருதுநகர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டிஸ்க் போடும் மாடலையே வாங்குங்கள். அதற்கான முதல் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வீட்டில் இருக்கும் அந்த ஏழெட்டு பிஎஸ்4 டிஸ்க்குகளும் பெரும்பாலும் அப்படியே பிஎஸ்5-இல் ஓடும். டிஜிட்டல் மாடல் வாங்கினால் அவற்றுக்கு அந்தப் புது மெஷினில் வேலையே இல்லை. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய ஒன்றை ஆடுவதற்காக மறுபடி காசு கொடுக்க வேண்டிவரும். சில பிஎஸ்4 கேம்களுக்கு பிஎஸ்5 வடிவத்தை இலவசமாகவே தருகிறார்கள். "தி விட்சர் 3" அப்படித்தான், 2022 டிசம்பரில் வந்தது. உங்கள் டிஸ்க்குகளில் அது இருந்தால், பழைய டிஸ்க்கைப் புது மெஷினில் போட்டு மேம்பட்ட வடிவத்தை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் ஆடும்போதெல்லாம் டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும். டிஸ்க் போடும் டிரைவ் இல்லாத மெஷினுக்கு இந்தச் சலுகையும் கிடையாது.

அந்தப் பத்தாயிரத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2021 பிப்ரவரியில் பிஎஸ்5 இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் மாடல் 49,990 ரூபாய், டிஜிட்டல் 39,990. 2024 ஏப்ரலில் ஸ்லிம் என்ற சிறிய மாடல் வந்தபோது 54,990, 44,990. விலை ஏறினாலும் நடுவில் இருந்த பத்தாயிரம் அப்போது மாறவில்லை. பெரிய கேம் ஒன்று புதிதாக வரும்போது ஐந்தாயிரம் ரூபாய் அளவில் விலை வைக்கிறார்கள். கதையோடு போகிற கேமை நீங்கள் முடித்துவிட்டு ஓரிரு மாதத்தில் கொடுத்தால், பெயர் பெற்ற கேமாக இருக்கும்பட்சத்தில் மூவாயிரம் கேட்டு வாங்கலாம். உங்களுக்கு ஆன செலவு இரண்டாயிரம். டிஜிட்டலில் அதே கேமுக்கு முழு ஐந்தாயிரமும் போனது போனதுதான், விற்க முடியாது. இப்படி மூன்று நான்கு கேம் விற்றாலே டிரைவுக்குக் கொடுத்த பத்தாயிரம் கைக்கு வந்துவிடும். பழைய டிஸ்க்காகவே வாங்கி, முடித்துவிட்டு விற்கிறவர்களுக்குச் செலவு இன்னும் குறையும். கன்சோல் எனும் கேம் மெஷின்களைப் பழுது பார்ப்பதும் பழைய கேம் வாங்கி விற்பதும்தான் என் தொழில். என் கடைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் பலர் ஒரு கேம் காசில் ஒரு வருடம் முழுக்க ஆடுகிறார்கள். ஒருவன் முடித்ததை இன்னொருவனுக்குக் கொடுத்து, மாற்றி மாற்றி.

டிஜிட்டல் கடையில் தள்ளுபடி வருமே என்று தம்பி கேட்பான். வரும், நன்றாகவே வரும். வெளிவந்து ஒன்றிரண்டு வருடமான கேம்கள் பாதி விலைக்கும் அதற்குக் கீழேயும் இறங்குகின்றன. பொறுத்திருந்து வாங்குகிறவருக்கு அது லாபம்தான். ஆனால் பிளேஸ்டேஷன் டிஜிட்டல் கேமுக்குக் கடை ஒன்றே ஒன்று, அது சோனியின் கடை. முன்பெல்லாம் முழு கேமுக்கான டவுன்லோடு கோடுகளை (கேமை இறக்கப் பதிய வேண்டிய ரகசிய எண்களை) மற்ற கடைகளும் விற்றன. 2019 ஏப்ரலோடு அதையும் நிறுத்திவிட்டார்கள். டிஸ்க் அப்படியில்லை. நாலு கடையில் நாலு விலை இருக்கும், பேரம் பேசலாம், தேங்கிய சரக்கைக் கடைக்காரரே தள்ளிவிடுவார். டிரைவ் உள்ள மெஷின் வைத்திருப்பவர் இரண்டு சந்தையிலும் வாங்கலாம். மற்றவருக்கு ஒரே சந்தை. ஐந்தாறு வருடம் வைத்திருக்கப் போகும் மெஷினுக்கு இது சின்ன விஷயமில்லை.

சரி, நீங்கள் கேட்ட பெரிய கேள்விக்கு வருகிறேன். டிஜிட்டலில் வாங்கியது எப்போதும் நம்முடையதா?

இல்லை. நீங்கள் வாங்குவது அந்த கேமை ஆடுவதற்கான உரிமம். அது உங்கள் கணக்கோடு கட்டப்பட்டது. இன்னொருவருக்கு மாற்ற முடியாது. கணக்கு முடக்கப்பட்டால் அதில் வாங்கியதெல்லாம் கைக்கு எட்டாமல் போகும். வாங்கும்போது "சம்மதிக்கிறேன்" என்று அமுக்கிவிட்டுப் போகிறோமே, அந்த நீண்ட ஒப்பந்தத்தில் இது எழுதியிருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இதற்காகவே ஒரு சட்டம் கொண்டுவந்து, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் வைத்திருக்கிறது. டிஜிட்டல் பொருளை விற்கும் கடை, வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சட்டம் போட்டுச் சொல்லவைக்கும் அளவுக்கு மக்கள் அதைத் தெரியாமல் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் இந்த விஷயத்தில் பயமுறுத்திப் பேசுகிறவர்களும் உண்டு. நடப்பது இரண்டு வகை, அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வகை, கடையிலிருந்து கேமை எடுத்துவிடுவது. காரின் பெயர், பாட்டு, படக் கதாபாத்திரம் என்று கேமுக்குள் இருக்கும் ஏதோ ஒன்றின் உரிமக் காலம் முடிந்திருக்கும். "ஃபோர்ஸா ஹொரைசன் 4" 2024 டிசம்பரில் அப்படி விற்பனையிலிருந்து போனது. "ஸ்காட் பில்கிரிம்" கேம் 2014-இல் மறைந்து 2021-இல்தான் திரும்பி வந்தது. இப்படி எடுத்தாலும் ஏற்கெனவே வாங்கியவர்கள் பெரும்பாலும் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். புதிதாக வாங்க நினைப்பவருக்குத்தான் கதவு அடைபடும். டிஸ்க் வெளியான கேமாக இருந்தால் அவருக்கும் வழி இருக்கிறது, பழைய கேம் கடையில் தேடலாம். நின்டென்டோ தன் 3டிஎஸ், வீ யு கன்சோல்களுக்கான கடையை 2023 மார்ச் 27-இல் மூடியது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29-இல் மூடப்பட்டது. பிஎஸ்3, வீட்டா கடைகளையும் மூடப்போவதாக 2021-இல் சோனி அறிவித்து, ஆடுகிறவர்கள் கொதித்தெழுந்த பிறகு அடுத்த மாதமே பின்வாங்கியது. அந்தக் கன்சோல்களுக்கு டிஜிட்டலில் மட்டும் வந்த சின்னச் சின்ன நல்ல கேம்களை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் காசு கொடுத்து வாங்கவே கிடைப்பதில்லை என்றது. இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அந்த எண்ணைக் கடந்துபோக மனம் வருவதில்லை.

இரண்டாவது வகைதான் கொடுமை. வாங்கியவர் கையிலிருந்தே போய்விடுவது. "தி க்ரூ" என்று ஒரு கார் ரேஸ் கேம், யூபிசாஃப்ட் 2014-இல் வெளியிட்டது. தனியாக ஆடினாலும் அவர்களுடைய சர்வரோடு (நிறுவனம் இணையத்தில் நடத்தும் கணினியோடு) இணைந்திருந்தால்தான் ஓடும். 2024 மார்ச் 31-இல் சர்வரை அணைத்தார்கள். கேம் முடிந்தது. அடுத்த சில நாட்களில் வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையும் எடுக்கத் தொடங்கினார்கள். டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் இதே கதிதான். பளபளவென்று டிஸ்க் இருக்கிறது, போட்டால் ஒன்றும் நடக்காது. "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்" இயக்கம் இதிலிருந்துதான் கிளம்பியது. ஐரோப்பிய ஒன்றியத்திடம் அவர்கள் கொண்டுபோன கோரிக்கை 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. சர்வரை நிறுத்தினால் ஆடக்கூடிய நிலையில் கேமை விட்டுப் போங்கள் என்பதுதான் அவர்கள் கேட்பது. நியாயமான கோரிக்கை என்றே நினைக்கிறேன்.

ஆகவே டிஸ்க் வாங்கினால் பாதுகாப்பு என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. அந்த டிஸ்க்கில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இதை நானே கடையில் செய்து காட்டுவதுண்டு. மெஷினிலிருந்து நெட் கேபிளை உருவிவிட்டு, வைஃபையையும் அணைத்துவிடுவேன். அந்த கேம் முன்பே ஏறியிருந்தால் அழித்துவிடுவேன். பிறகு டிஸ்க்கைப் போட்டால், அதில் இருப்பது மட்டும் மெஷினின் உள்சேமிப்பில் ஏறும். திறந்து பார்க்க வேண்டியதுதான். நல்ல கேம் என்றால் முதல் காட்சியிலிருந்து கடைசிவரை ஆடக்கூடியதாக அப்படியே வந்து நிற்கும். சில கேம்களில் முகப்புப் படம் மட்டும் வந்து, மீதியை இறக்க இணையத்தில் இணையச் சொல்லும். 2022-இல் வந்த "கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2" பிஎஸ்5 டிஸ்க்கில் 100 எம்பி கூட இல்லை. பிஎஸ்5 டிஸ்க் ஒன்றில் 100 ஜிபி வரை பதியலாம், அதில் இவ்வளவுதான் வைத்தார்கள். மீதி முழுவதும் டவுன்லோடு. அது டிஸ்க் வடிவத்தில் இருக்கும் சாவி, அவ்வளவுதான். விற்கலாம், கடன் கொடுக்கலாம் என்ற ஒரு லாபம் மட்டும் அதில் மிச்சம். இன்னொரு பக்கம், "ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீபர்த்" இரண்டு டிஸ்க்கில் வந்தது, "பால்டர்ஸ் கேட் 3" பிஎஸ்5-க்கு இரண்டு டிஸ்க்கும் எக்ஸ்பாக்ஸுக்கு அதைவிடக் கூடுதலாகவும் போட்டார்கள். மனசு வைத்தால் முடியும் என்பதற்கு இவை சாட்சி.

2025 ஜூனில் வந்த நின்டென்டோ ஸ்விட்ச் 2-இல் இந்த விஷயத்தை வெளிப்படையாகவே செய்கிறார்கள். கேம்-கீ கார்டு என்று ஒரு வகை அட்டை இருக்கிறது. அட்டைக்குள் கேம் இல்லை, இறக்குவதற்கான உரிமை மட்டும் இருக்கிறது. பெட்டியின் முன்பக்கத்திலேயே அதைக் குறிப்பிட்டிருப்பார்கள். அதே மெஷினுக்கு "சைபர்பங்க் 2077" 64 ஜிபி அட்டையில் முழுதாக வந்தது. பின்னாளில் நீங்கள் ஸ்விட்ச் வாங்க நினைத்தால் பெட்டியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சைபர்பங்க் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2020 டிசம்பரில் அது பிஎஸ்4-க்கு வந்தபோது குறைகள் அவ்வளவு இருந்தன, ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் டிஜிட்டல் கடையிலிருந்து எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தார்கள். அந்த முதல் டிஸ்க்கில் இருப்பது இன்றைக்கும் அந்தக் குறைகளோடு இருக்கும் கேம்தான். திருத்தியதெல்லாம் இணையத்தில் வந்து சேர்ந்தவை. டிஸ்க் முழுதாக இருக்கிறது என்பதும் அதில் இருக்கும் கேம் நன்றாக ஓடுகிறது என்பதும் வேறு வேறு. நீங்கள் வாங்க நினைக்கும் கேமை "டஸ் இட் ப்ளே" என்ற குழுவினர் சோதித்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். இணையம் இல்லாமல், அப்டேட் இல்லாமல் டிஸ்க்கை மட்டும் வைத்து ஆட முடிகிறதா என்று பார்த்து எழுதுவதையே அவர்கள் வேலையாக வைத்திருக்கிறார்கள். பழைய கேம் என்றால், எல்லாத் திருத்தங்களும் கூடுதல் கதைகளும் சேர்த்துப் பின்னால் வந்த முழுப் பதிப்பின் டிஸ்க்கைத் தேடி வாங்குவது நல்லது.

டிஸ்க் வாங்கினால் மெஷினில் இடம் மிச்சமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. பிஎஸ்5-இல் டிஸ்க் கேமும் முழுதாக உள்ளே ஏறிக்கொள்ளும். டிஸ்க்கை உள்ளே வைப்பது நீங்கள்தான் உரிமையாளர் என்று காட்டுவதற்கு. மிச்சமாவது இணைய டேட்டா. வீட்டில் 40 எம்பிபிஎஸ் வேக இணைய இணைப்பு இருந்தால் 100 ஜிபி கேம் இறங்க ஐந்தரை மணி நேரம் பிடிக்கும், அதுவும் வேகம் குறையாமல் இருந்தால்.

பழைய டிஸ்க் வாங்கப் போகும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டிஸ்க்கைக் கையில் எடுத்து டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். பிஎஸ்4, பிஎஸ்5 டிஸ்க்குகள் ப்ளூ-ரே வகை. டிவிடியில் தகவல் பதிந்த அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும். ப்ளூ-ரேயில் 0.1 மில்லிமீட்டர்தான். அதனால்தான் அதன்மேல் கடினமான ஒரு பூச்சு கொடுத்திருக்கிறார்கள். லேசான மயிரிழைக் கோடுகளுக்குப் பயப்பட வேண்டாம், அந்தப் பூச்சு தாங்கும். ஆனால் நகத்தை மெல்ல ஓட்டும்போது தட்டுப்படுகிற கீறல் இருந்தால் வாங்காதீர்கள். பாலிஷ் போட்டுக் கொடுக்கிறோம் என்பார்கள். டிவிடிக்கு அது பலிக்கும், தேய்க்க இடம் இருக்கிறது. ப்ளூ-ரேயில் தேய்த்தால் பூச்சும் போய், இருந்ததும் கெடும். வட்டமாக ஓடும் கீறல், குறுக்கே ஓடுவதைவிட மோசம். நடு ஓட்டையைச் சுற்றி மயிர்விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெட்டியிலிருந்து இழுத்து எடுத்தே விரிசல் விடவைப்பவர்கள் உண்டு. நடுவில் இருக்கும் பிடியை அமுக்கினால் டிஸ்க் தானாக எழும்பும்.

அப்புறம், டிஸ்க் எந்த நாட்டுப் பதிப்பு என்று பாருங்கள். பிஎஸ்4, பிஎஸ்5 கேம் டிஸ்க் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் ஓடும். ஆனால் கூடுதல் கதை, கூடுதல் உடை என்று பின்னால் வாங்குகிறவை டிஸ்க்கின் பதிப்போடு ஒத்துப்போக வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த டிஸ்க்குக்கு இந்தியக் கணக்கில் வாங்கிய கூடுதல் பகுதி ஒட்டாது. வாங்கிய பிறகு தெரிந்து பயனில்லை. பழைய பெட்டிக்குள் இருக்கும் டவுன்லோடு கோடு அட்டையையும் நம்ப வேண்டாம். அது ஒருமுறைதான் செல்லும், முதல் ஆளே பயன்படுத்தியிருப்பார்.

மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் வந்த பிஎஸ்5-இல் டிஸ்க் டிரைவின் போர்டு, மெஷினின் மதர்போர்டோடு ஜோடி சேர்க்கப்பட்டிருக்கும். டிரைவ் கெட்டால் வேறு மெஷினிலிருந்து கழற்றி மாட்ட முடியாது. போர்டைக் காப்பாற்றிக்கொண்டு லென்ஸையோ மோட்டாரையோ மாற்ற வேண்டியிருக்கும். ஸ்லிம்மில் டிரைவ் தனியாகக் கழன்று வரும், மாற்றுவது எளிது. மாட்டிய பிறகு ஒருமுறை இணையத்தில் இணைத்து ஜோடி சேர்த்தால் போதும். டிஜிட்டல் ஸ்லிம் வாங்கிவிட்டு, பின்னால் டிரைவ் வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்றும் ஒரு வழி இருக்கிறது. தம்பி அதைச் சொன்னால், அந்த டிரைவ் உங்கள் ஊர்க் கடையில் கைக்குக் கிடைக்கிறதா, என்ன விலை என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். இன்றைக்குக் கிடைக்காத பொருளை நம்பி மெஷின் வாங்க வேண்டாம். செகண்ட் ஹேண்டில் முதல் மாடல் கிடைத்தால், இரண்டு டிஸ்க்காவது போட்டுப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

தம்பி பக்கமும் நியாயம் இருக்கிறது. ஃபுட்பால் கேமுக்கு டிஜிட்டல்தான் வசதி. தினமும் அரை மணி ஆடுகிற கேமுக்காக டிஸ்க்கை மாற்றி மாற்றிப் போட யாருக்கும் பொறுமை இருக்காது. அந்த கேம் வருடாவருடம் புதிதாக வருகிறது. புதுசு வந்த அன்றே பழையதின் விலை சரிந்துவிடும், விற்று லாபம் பார்க்கிற கணக்கு அங்கே செல்லாது. டிஸ்க்காக வாங்கினால் அடுத்தது வருவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே கைமாற்றிவிட வேண்டும். ஃபோர்ட்நைட் போன்ற இலவச கேம்களுக்கு டிஸ்க் பேச்சே இல்லை. டிஜிட்டலில் மட்டுமே வரும் நல்ல சின்ன கேம்களும் நிறைய. "ஆலன் வேக் 2" போன்ற பெரிய கேமே 2023 அக்டோபரில் டிஜிட்டலாக மட்டும் வந்து, ஒரு வருடம் கழித்துத்தான் டிஸ்க் போட்டார்கள்.

உங்கள் இரண்டு பேருக்கும் டிஜிட்டலில் இன்னொரு நல்ல வசதி இருக்கிறது. பிஎஸ்4-ஐ தம்பி விடுதிக்கு எடுத்துப்போகட்டும். உங்கள் கணக்கில் ஒரு பிஎஸ்4-ஐ முதன்மை மெஷினாகவும், அது போக ஒரு பிஎஸ்5-இல் கன்சோல் ஷேரிங்கையும் வைத்துக்கொள்ளலாம். இப்படி வைத்த மெஷினில் உங்கள் டிஜிட்டல் கேம்களை மற்றவர்களும் தங்கள் கணக்கிலிருந்து ஆடலாம். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. நீங்கள் வாங்கிய பிஎஸ்4 டிஜிட்டல் கேமைத் தம்பி அங்கே தன் கணக்கிலிருந்தே ஆடலாம், அதே நேரத்தில் நீங்கள் இங்கே ஆடலாம். பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டு வடிவத்தையும் சேர்த்துத் தருகிற கேமா என்று வாங்கும் முன் கடைப் பக்கத்தில் பாருங்கள், அப்படியானால் ஒரே விலையில் இரண்டு வீட்டுக்கும் ஆகும். டிஸ்க் ஒரு நேரத்தில் ஒரு மெஷினில்தான் இருக்க முடியும். இந்த இடத்தில் டிஜிட்டலே ஜெயிக்கிறது, மறுக்க மாட்டேன். கன்சோல் ஷேரிங் இயங்குகிறதா என்று செட்டிங்ஸில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது இருந்தால்தான் இணையம் இல்லாத நேரத்திலும் டிஜிட்டல் கேம் திறக்கும். 2025 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கப் படுத்துவிட்டது. 2011-இல் மூன்று வாரத்துக்கு மேல் எழுந்திருக்கவே இல்லை.

டிஜிட்டலில் தவறுதலாக ஒன்றை வாங்கிவிட்டால் டவுன்லோடு தொடங்காதீர்கள். தொடங்காமல் இருந்தால் 14 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இறக்கத் தொடங்கிவிட்டால், கேமே பழுதாக இருந்தாலொழிய, பணம் வராது.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் தம்பியைக் கண்டிப்பாகத் தடுங்கள். விடுதியில் யாராவது அவனிடம் சொல்லியிருப்பார்கள்: ஐயாயிரம் ரூபாய் கேம் எண்ணூறுக்குக் கிடைக்கும், பிரைமரி ஐடி ஒரு விலை, செகண்டரி ஐடி ஒரு விலை என்று. இன்ஸ்டாகிராமிலும் டெலிகிராமிலும் இது ஒரு பெரிய வியாபாரம். யாரோ ஒருவர் ஒரு கணக்கில் கேமை வாங்கி, அந்தக் கணக்கின் பாஸ்வேர்டைப் பல பேருக்கு விற்கிறார். நாளைக்கு அவர் பாஸ்வேர்டை மாற்றினால் கேம் போச்சு. திருடிய கார்டில் வாங்கிய கணக்காக இருந்தால், பணம் திரும்பப் போனதும் கணக்கை முடக்குவார்கள். சில நேரம் அது ஏறியிருந்த மெஷினையே நெட்வொர்க்கிலிருந்து தடை செய்துவிடுவார்கள். அப்படித் தடை வாங்கிய மெஷினைத் தூக்கிக்கொண்டு, சரி பண்ணித் தர முடியுமா என்று வருகிற பையன்களின் முகத்தைப் பார்ப்பது கஷ்டமாக இருக்கிறது. சரி பண்ண என் கையில் ஒன்றுமில்லை. குறைந்த விலைக்காக வேறு நாட்டுக் கணக்கு தொடங்குவதும் வேண்டாம். தொடங்கிய கணக்கின் நாட்டைப் பிறகு மாற்ற முடியாது, அந்தக் கணக்கின் பர்ஸில் போட்ட பணமும் அங்கேயே முடங்கும். உங்கள் சொந்தப் பெயரில், நீங்கள் தினமும் பார்க்கிற மின்னஞ்சலில் இந்தியக் கணக்கு தொடங்கி, பாஸ்வேர்டோடு இன்னொரு எண்ணும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். டிஜிட்டலில் சேர்ப்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்பதால் கார்டு பின் நம்பரைக் காப்பதுபோல அதைக் காக்க வேண்டும்.

ஆக, உங்கள் கதை கேம்களை டிஸ்க்கில் வாங்குங்கள். முழுதாக டிஸ்க்கில் இருப்பவற்றில் மனதுக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடலாம். தம்பியின் ஃபுட்பாலையும், டிஸ்க் வராத சின்ன கேம்களையும், தள்ளுபடியில் அடிமட்டத்துக்கு இறங்கியவற்றையும் டிஜிட்டலில் எடுங்கள். சர்வர் இல்லாமல் ஓடவே ஓடாது என்கிற கேமுக்கு, எந்த வடிவத்தில் வாங்கினாலும், முழு விலை கொடுக்காதீர்கள். "கான்கார்ட்" என்ற கேம் 2024 ஆகஸ்ட் 23-இல் வெளியாகி செப்டம்பர் 6-இல் அணைக்கப்பட்டது. சோனி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. எல்லா நிறுவனமும் எப்போதும் கொடுக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

மெஷின் வீட்டுக்கு வந்ததும், தம்பி பிஎஸ்4-ஐப் பெட்டியில் போடுவதற்கு முன் அதில் இருக்கும் உங்கள் சேவ்களை (எதுவரை ஆடினீர்கள் என்ற பதிவுகளை) ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். பென்டிரைவ் எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருக்க வேண்டும். பிஎஸ்4 சேவ்களை அப்படியே பிஎஸ்5-க்குள் ஏற்றலாம், விட்ட இடத்திலிருந்து ஆடலாம். பிஎஸ்5 சேவ்களை அப்படித் தனியாகப் பென்டிரைவில் எடுக்க முடியாது. அவற்றை வெளியே பத்திரப்படுத்த சந்தா கட்டி, கிளவுடில் (சோனியின் இணையச் சேமிப்பில்) வைக்கலாம்.